சோயா இலையின் ஓரம் மஞ்சளாவது ஏன்?

கேள்வி: பெரும்போக வேளாண்மை (நெல்) வெட்டிய ஒரு ஏக்கர் மணற்பாங்கான வயலில், சிறுபோகத்துக்குச் சோயா விதைத்திருக்கிறேன். ஐந்து வாரப் பயிரில் அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகிறது. நடுப்பகுதி பச்சையாகவே நிற்கிறது. 2021 ஆம் ஆண்டுப் பசளைத் தட்டுப்பாட்டுக்குப் பின்னர் வயலுக்கு யூரியா மட்டுமே போட்டு வருகிறேன். வைக்கோலை விற்றுவிடுவேன். இன்னும் யூரியா போடும்படி பக்கத்து வயற்காரர் சொல்கிறார். போடலாமா?
– ஒரு வாசகர், வெல்லாவெளி

பதில்: யூரியா வேண்டாம். அது தருவது தழைச்சத்தை (நைதரசன்) மட்டுமே. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலை முழுவதும் ஒரே சீராக வெளிறும். நீங்கள் எழுதியிருப்பதுபோல் ஓரம் மட்டும் மஞ்சளாகி, பின்னர் கருகத் தொடங்குவது பொட்டாசியக் குறைபாட்டின் அடையாளம். மண்ணிலிருந்து கிடைப்பது போதாதபோது, செடி தன் முதிர்ந்த இலைகளிலுள்ள பொட்டாசியத்தை எடுத்து இளந்தளிர்களுக்கு அனுப்பிவிடுவதால், அடியிலைகளே முதலில் வாடுகின்றன. ஐயம் இருந்தால் ஒரு செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அந்தச் செடி தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்கிறது என்று பொருள்.

இலைத்துளைகள் திறந்து மூடுவதற்கும், இலையில் உருவாகும் சர்க்கரை காய்களுக்கும் வேர்முடிச்சுகளுக்கும் போய்ச் சேர்வதற்கும் பொட்டாசியம் தேவை. அது குறைந்தால் வெயிலைத் தாங்கும் வலு குறையும், காய் குறையும், மணி சுருங்கும்.

உங்கள் வயலில் அது குறைந்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு நெல்மணியில் அல்ல, வைக்கோலில்தான் தங்குகிறது. ஒரு தொன் காய்ந்த வைக்கோலில் ஏறக்குறைய 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியம் இருக்கும். எம்.ஓ.பி. (மியூரியேற் ஒஃப் பொட்டாஷ்) எனும் பொட்டாசியப் பசளையின் 50 கிலோ மூடையில் ஏறக்குறைய பாதிக்கேனும் சமமான சத்து அது. வைக்கோல் விற்ற காசைக் கணக்கெழுதும்போது இந்த அரை மூடையையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. களிமண்ணைப்போல் மணல் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது. மாரி மழை எஞ்சியதையும் கழுவிச் செல்கிறது. பிறகு சிறுபோகத்தில் மண் காயும்போது, இருக்கும் கொஞ்சமும் வேரை நோக்கி நகர முடியாமல் போகிறது. ஆகவே மண்ணை வரள விடாமல் நீர் பாய்ச்சுவதே உடனடியாகச் செய்யக்கூடிய உதவி.

பயிர் இன்னும் முழுமையாகப் பூக்காததால், எம்.ஓ.பி. இட்டுப் பயன்பெறக் காலம் இருக்கிறது. அளவை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, தண்டிலிருந்து சற்றுத் தள்ளி ஈரமண்ணில் இடுங்கள். அது உப்புத்தன்மை உள்ள பசளை என்பதால் வேரையும், விதைக்கும் காலத்தில் முளையையும் கருக்கக்கூடும். கூடுதலாக இட்டால் செடி மக்னீசியத்தை எடுப்பது தடைப்படும்.

அடுத்த போகத்துக்கு முன்னர் மண்ணைப் பரிசோதிப்பது நல்லது. 15 சென்ரிமீற்றர் ஆழத்தில், வயலின் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மண்ணெடுத்துக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைக் கொடுங்கள். வரம்போரத்திலும், எருக்குவித்த இடத்திலும், வைக்கோல் எரித்த இடத்திலும் எடுக்கக் கூடாது. சாம்பலில் பொட்டாசியம் மிகுதி என்பதால், அந்த ஒரு பிடி மண் முழு வயலையும் வளமானதாகக் காட்டிவிடும்.

கேள்வி: சோயா மணிக்காக மட்டும் எவ்வளவு பொட்டாஷ் வயலை விட்டுப் போகும்?
– ஒரு வாசகி, அக்கரைப்பற்று

பதில்: பசளைக் கணக்கில் பொட்டாசியத்தைப் பொட்டாஷ் (K₂O) ஆகவே அளப்பார்கள். அந்தக் கணக்கில், ஒரு தொன் மணியோடு சுமார் 20 கிலோ பொட்டாஷ் வெளியேறும். எம்.ஓ.பி.யில் 60 சதவீதம் பொட்டாஷ் இருப்பதால், அதை ஈடுசெய்ய ஏறத்தாழ 33 கிலோ எம்.ஓ.பி. வேண்டும். செடியை வேரோடு பிடுங்கி வளவுக்குக் கொண்டுவந்து அடிப்பீர்களானால், தண்டிலும் காய்த்தோலிலும் உள்ளது இதற்கு மேலதிகம். அந்தச் சக்கையை வேலியோரம் குவிக்காமல், மழை தொடங்குமுன் வயலெங்கும் பரப்பிவிடுங்கள்.