பழுப்பு மிட்டாய் ஏன் கூடாது? – ராக் இசை: கேள்வி பதில்

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர்: ஷூ கம்பெனியில் கிளிக்கிங் மிஷினில் மாட்டி, இடது கை மோதிர விரலின் நுனி போய்விட்டது. ஏழு மாதம் ஆகிறது, புண் ஆறிவிட்டது. நண்பர்களோடு ராக் பேண்டில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். இனி விட்டுவிட வேண்டியதுதானா?

விடாதீர்கள். ஹெவி மெட்டல் இசைக்கு அடித்தளம் போட்டவரே உங்கள் நிலையில் இருந்தவர்தான். பிளாக் சப்பாத் குழுவின் டோனி ஐயோமி, 1965இல் பர்மிங்காம் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தபோது நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தார். அப்போது அவருக்கு வயது 17. அவர் இடது கைக்காரர். போனது கம்பியை அழுத்தும் வலது கை விரல்கள். சோர்ந்து கிடந்தவருக்கு, தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்த ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைத் தொழிற்சாலை மேலாளர் போட்டுக் காட்டினார். பிறகு ஐயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செய்தார். அதன்மேல் பழைய தோல் ஜாக்கெட்டில் வெட்டிய துண்டை ஒட்டினார். 2025 ஜூலையில் பர்மிங்காமில் பிளாக் சப்பாத் கடைசியாக மேடையேறியபோதும் அந்த வலது கையால்தான் வாசித்தார்.

தோல் ஊரில் இருக்கும் உங்களுக்கு இது கைக்கெட்டிய வேலை. ஆனால் முதலில் டாக்டரைப் பாருங்கள். பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்து உலகுக்கு வழிகாட்டிய இடம் அது. நுனியில் தொட்டால் மின்னல்போல் வெட்டும் வலி இருந்தால் நரம்பு முனை முடிச்சிட்டிருக்கலாம். அதன்மேல் உறை மாட்டிப் பழகினால் கெடுதல்தான்.

டாக்டர் சரி என்றால், 60 டிகிரி வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் மணிகளை வாங்குங்கள். இளகியதை நேரே விரலில் வைத்து அழுத்தாதீர்கள். புண் ஆறிய நுனியில் உணர்ச்சி குறைவாக இருக்கும், சுட்டாலும் தெரியாது. விரலைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுத்து அதன்மேல் வடிவமையுங்கள். சுவர் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். தடித்தால் பக்கத்துக் கம்பியையும் தொடும். மேலே ஒட்ட ஷூவின் அப்பர் தோல் கனம் அதிகம். 0.7 மில்லிமீட்டர் லைனிங் தோலை எடுத்து, ஓரத்தை ஸ்கைவிங் செய்து மெலிதாக்கி ஒட்டுங்கள். கிரெயின் எனும் வழுவழுப்பான மேற்பக்கம் வெளியே இருக்கட்டும். பளபளப்பு பாலிஷ் ஏற்றிய தோலில் கம்பி வழுக்கும். சதைப்பக்கம் வெளியே இருந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரம் ஏற்றும் பெண்டிங்கில் விடாது. நடுவாந்தரம் கிடைக்கும்வரை நாலைந்து துண்டுகள் வீணாகும், பரவாயில்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் அந்தக் குப்பியை வைத்தால் உருகி உட்கார்ந்துவிடும்.

அடுத்தது கம்பி. ஐயோமி மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். அப்போது கடையில் அப்படி செட் கிடைக்காததால் பாஞ்சோ கம்பிகளை மாட்டினார். 1971இலிருந்து சுதியையும் மூன்று அரைச்சுரம் இறக்கினார். இதில் கணக்கு இருக்கிறது. அதே சுதியில் 10க்குப் பதில் 9 கேஜ் (தடிமன்) முதல் கம்பி போட்டால் இழுவிசை சுமார் 19 சதவீதம் குறையும். அதே கம்பியில் அரைச்சுரம் இறக்கினால் 11 சதவீதம், மூன்று அரைச்சுரம் என்றால் 29 சதவீதம். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். இழுவை குறைந்ததும் கழுத்து பின்னோக்கி நிமிரும், கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்றுத் தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அதன் பிறகு இன்டொனேஷனை, அதாவது கழுத்து நெடுகச் சுதி சேர்கிறதா என்று, சரிபாருங்கள்.

வாலாஜாபேட்டை வாசகர்: திருவிழா மேடையில் கிட்டாரோடு மைக்கில் பாடும்போது உதட்டில் சுரீரென்று ஷாக் அடிக்கிறது. "சின்ன ஷாக்தானே" என்கிறார் சவுண்ட் சர்வீஸ்காரர். இன்னொன்று: வான் ஹேலன் குழு பழுப்பு மிட்டாய் கேட்டு அடம்பிடித்ததாகப் படித்தேன். இவர்களுக்கெல்லாம் ஏன் இந்தக் கிறுக்கு?

உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். வான் ஹேலன் கேட்டது பழுப்பு மிட்டாய் இருக்கவே கூடாது என்று. 1982 சுற்றுப்பயண ஒப்பந்தத்தில், எம் அண்ட் எம் மிட்டாய்க் கிண்ணத்தில் பழுப்பு நிறம் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்ற வரியை மேடை எடை, மின்சார அளவுகள் அடங்கிய நீண்ட பட்டியலோடு சேர்த்து வைத்தார்கள். பாடகர் டேவிட் லீ ராத் பின்னாளில் காரணம் சொன்னார்: கிண்ணத்தில் பழுப்பு தெரிந்தால் ஒப்பந்தத்தை அவர்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று பொருள். உடனே மேடை முழுவதையும் வரிவரியாகச் சோதிப்பார்கள். ஊர் பார்த்துச் சிரித்த கிறுக்கு, உயிர் காக்கும் சோதனையாக இருந்தது.

இப்போது உங்கள் ஷாக். அதைச் சின்னது என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972இல் ஸ்வான்சி மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். கிட்டார் கம்பி பிரிட்ஜ் வழியாக ஆம்பின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. மைக்கின் வலைமூடி மிக்சரின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாவிட்டால், அல்லது ஒன்று மண்டபக் கரண்டிலும் மற்றது ஜெனரேட்டரிலும் இருந்தால், நடுவில் பாலமாவது உங்கள் உடம்பு.

நம் பக்கத்தில் அடிக்கடி பிடிபடும் குற்றவாளி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வெளியே மூன்று பின் பிளக் இருக்கும், உள்ளே ஓடுவது டூ-கோர் ஒயர். திறந்து பார்த்தால் எர்த் பின்னில் எதுவும் கட்டியிருக்காது. த்ரீ-கோர் ஒயராக மாற்றச் சொல்லுங்கள். ஆம்ப், மிக்சர், கீபோர்டு எல்லாம் ஒரே கிளையிலிருந்து வரட்டும். முன்னால், மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். ஜெனரேட்டர் என்றால் எர்த் கம்பியை மண்ணில் அடித்து, நியூட்ரலையும் எர்த்தையும் அங்கேயே இணைத்திருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இணைக்காவிட்டால் ஆர்.சி.சி.பி. இருந்தும் பயனில்லை. சித்திரை, வைகாசியில் நம் மண் பாறைபோல் காய்ந்திருக்கும். எர்த் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

பாடுமுன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைக் வலையிலும் மற்றதைக் கிட்டார் கம்பியிலும் தொடுங்கள். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாட வேண்டாம். எர்த் இல்லாத கருவியில் சுமார் 115 வோல்ட்கூடக் காட்டும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை மாட்டுவது உதட்டைத் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். கோளாறு அப்படியே இருக்கும். கிட்டாருக்கு வயர்லெஸ் போட்டால் பாலம் உடையும், நல்லதுதான். ஆம்பின் எர்த் வேலையை அது செய்யாது. இரைச்சல் போக எர்த் பின்னை ஒடிப்பவரிடம் உங்கள் ஆம்பைக் கொடுக்காதீர்கள். இரைச்சலுக்கு, கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் போதும்.

ஆரணி வாசகி: குவீன் குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே காசால் கிட்டார் வாசிக்கிறாராமே. நானும் முயலலாமா?

முயலலாம், காசைப் பார்த்து எடுங்கள். அவர் வைத்திருப்பது பழைய ஆறு பென்னிக் காசு. அதன் உலோகம் கம்பியைவிட மென்மை, விளிம்பில் வெட்டுக்கள் உண்டு. அந்த வெட்டுக்கள்தான் ஒலிக்குக் கரகரப்பைத் தருகின்றன. நம் இன்றைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாணயம் கம்பியைத் தேய்க்கும், கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் காந்தமும் அதை இழுக்கும். வீட்டில் பழைய ஒரு ரூபாய், ஐம்பது காசு இருந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாதது குப்ரோ நிக்கல், அதுவே உகந்தது.

காட்பாடி மாணவர்: பொறியியல் மூன்றாம் ஆண்டு. வி.ஐ.டி.யின் ரிவியேரா விழாவில் எங்கள் பேண்ட் வாசித்தது, நல்ல வரவேற்பு. படிப்பை விட்டு முழுநேரமும் இசையில் இறங்கலாமா?

இன்னும் ஓர் ஆண்டுதான், முடித்துவிடுங்கள். கைதட்டலை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. மேலே சொன்ன பிரையன் மே, அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்பு மரத்தில் கிட்டார் செய்தவர். அதில் சுரத்தை அசைக்கும் டிரெமொலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். 1974இல் வானியற்பியல் ஆய்வைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர், 2007இல் திரும்பி வந்து முனைவர் பட்டம் வாங்கினார். பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் படித்தவர், போலராய்டில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டு அடித்தளத்தில் ஒலிப்பதிவு செய்து 1976 முதல் ஆல்பத்துக்கு வித்திட்டார்.

இந்த ஓராண்டில் செய்ய வேண்டியது, 40 நிமிடத்துக்குச் சொந்தப் பாட்டு. ஏழு பாட்டு போதும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமில் பாட்டின் வேகத்தில் 60 சதவீதத்தில் தொடங்கி, பிழையின்றி மூன்று முறை வந்த பிறகே 4 பி.பி.எம். (நிமிடத்துக்கு 4 தட்டு) கூட்டுங்கள். டிரம்ஸும் பேஸும் மட்டும் வாரம் ஒரு தனி ஒத்திகை வைக்கட்டும். மேடையில் பேண்ட் சரிவது பெரும்பாலும் அங்கேதான். பாட்டு பிறந்த அன்றே, வரி யார், மெட்டு யார், ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்று எழுதிக் கையெழுத்து போடுங்கள். காசு வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் நட்பு முறியும். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பின் வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை லேபிளுக்கு (இசை நிறுவனத்துக்கு) எழுதிக் கொடுத்துவிட முடியாது. ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.இல் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிந்து வையுங்கள்.

குடியாத்தம் வாசகர்: கம்பி ஒரே மாதத்தில் துருப்பிடிக்கிறது.

வியர்வை உப்புதான் காரணம். வாசிக்குமுன் கை கழுவுங்கள், முடித்ததும் துணியைக் கம்பிக்கு அடியிலும் விட்டுத் துடையுங்கள். கோட்டிங் கம்பி விலை கூட, ஆனால் அதிக நாள் வரும். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல்லை மாற்றுக் கம்பிப் பொட்டலத்தில் மட்டும் போடுங்கள். அக்கூஸ்டிக் கிட்டார் பெட்டியில் போட்டால், ஏற்கெனவே காய்ந்த கோடைக் காற்றில் மரம் வெடிக்கும். மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் தேவை.

ராணிப்பேட்டைத் தாய்: மகன் தினம் இரண்டு மணி நேரம் டிரம்ஸ் வாசிக்கிறான். காதுக்குக் கெடுதலா?

ஆமாம், பாதுகாப்பு இல்லாவிட்டால். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடந்தான். ஏ.சி./டி.சி. ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் காது காரணமாகச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. பஞ்சு வைப்பதால் பயனில்லை. ஸ்பாஞ்ச் அடைப்பானை விரலால் உருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்துச் செருகி, அரை நிமிடம் பிடித்திருக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்தபின் காதில் ரீங்காரம் கேட்டால் அடைப்பான் சரியாக உட்காரவில்லை. அந்த ரீங்காரம் மறுநாள் காலையும் இருந்தால் காது டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.