சோன் இசையும் அதன் ஆசான்களும்: கேள்வி பதில்

கியூபாவின் பழைய இசையில், அதிலும் சோன் என்ற வகையில், எனக்கு இருக்கும் பித்து தெரிந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பிடித்த இடங்களில் சற்று நீளமாகவே பேசியிருக்கிறேன்.

கேள்வி: 'புயனா விஸ்தா சோஷியல் கிளப்' தொகுப்பைக் கேட்டுத்தான் இந்த இசைக்குள் வந்தேன். மறக்கப்பட்டுக் கிடந்த முதியவர்களை அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர்தான் கண்டுபிடித்தார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மைகூட இல்லை. 1996 மார்ச்சில் ஹவானாவில் நடந்த அந்த ஒலிப்பதிவுக்கு முதலில் போட்ட திட்டமே வேறு. மாலி நாட்டுக் கலைஞர்களும் கியூபக் கலைஞர்களும் சேர்ந்து வாசிப்பதாக இருந்தது. மாலியிலிருந்து ஆட்கள் வந்து சேரவில்லை. பழைய கலைஞர்களைத் தேடிப் பிடித்து அழைத்துவந்தவர் ஹவானாக்காரரான ஹுவான் தெ மார்க்கோஸ் கொன்சாலெஸ். எழுபதுகளிலேயே சியெர்ரா மாயெஸ்த்ரா குழுவில் பழைய சோனை மீட்டெடுத்து வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். யார் எங்கே இருக்கிறார்கள், யார் எதைப் பாடுவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பாடகர் இப்ராஹிம் ஃபெரேர் அப்போது பாடுவதை விட்டுவிட்டுக் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார்; பியானோ மேதை ரூபென் கொன்சாலெஸின் வீட்டில் பியானோ இல்லை. இவை உண்மை. ஆனால் பாடகி ஒமாரா போர்த்துவாண்டோ மேடையை விட்டு விலகியதே இல்லை. கிட்டார் கலைஞர் எலியாதெஸ் ஓச்சோவா, கிழக்குக் கியூபாவின் சாந்தியாகோ நகரில் குவார்த்தெத்தோ பாத்ரியா குழுவை நடத்திவந்தார். முதுபெரும் பாடகர் கொம்பாய் செகுண்டோ அதற்கு முன்பே ஸ்பெயினில் ரசிகர்களைப் பிடித்திருந்தார். கூடர் அந்த ஒலியை அக்கறையோடு உலகுக்குக் கொண்டுசேர்த்தார், அதற்கு நன்றி சொல்லவேண்டும். கண்டுபிடித்தார் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த மண்ணில் அவர்களை அறிந்தவர்கள் ஏராளமாக இருந்தார்கள்.

கேள்வி: கிளாவே, கிளாவே என்கிறீர்கள். கேட்கும்போது எனக்கு அது பிடிபடவே இல்லை. எப்படிக் கேட்பது?

பதில்: கிளாவே என்பது ஒன்றோடொன்று தட்டும் இரண்டு கெட்டியான மரக்கட்டைகளின் பெயர், அவற்றால் தட்டும் தாளத்துக்கும் அதே பெயர்தான். ஒரு சுற்றைப் பதினாறு சம அளவுகளாக எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் கைதட்டுங்கள். முன்பாதியில் மூன்று தட்டு, பின்பாதியில் இரண்டு. முன்பாதி இழுத்துக்கொண்டு போகும். பின்பாதி அதைத் தரைக்குக் கொண்டுவரும்.

சில பாட்டுகளில் இரண்டு தட்டு உள்ள பாதி முதலில் வரும். எப்படித் தொடங்கினாலும் பாட்டு முடியும்வரை அந்தச் சுழற்சி புரளக் கூடாது. பாடகர் சொல்லை எங்கே நிறுத்துகிறார், டிரம்பெட் எங்கே நுழைகிறது என்பதெல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. கட்டை ஒலிக்காத இடத்திலும் எல்லோர் மனத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

உங்களைக் குழப்புவது பாஸ் வாத்தியமாக இருக்கலாம். முதல் அடியில் விழும் என்று நாம் காத்திருப்போம். அது அதற்கு முன்பே, அடுத்து வரப்போகும் சுரத்தை வாசித்துவிட்டு, முதல் அடியில் பேசாமல் இருந்துவிடும். அந்த வெற்றிடம்தான் ஆடுபவரின் காலை இழுக்கிறது. கொஞ்ச நாள் பாடகரை விட்டுவிட்டுக் கட்டையையும் பாஸையும் மட்டும் பின்தொடருங்கள்.

கேள்வி: நடனப் போட்டிகளில் பார்க்கும் ரும்பாவும் கியூப ரும்பாவும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. போட்டி நடனத்தின் ரும்பா, சோனிலிருந்தும், பொலேரோ என்ற மெதுவான காதல் பாட்டு வகையிலிருந்தும் வந்தது. கியூப ரும்பா தோல்வாத்தியமும் குரலும் கட்டையும் மட்டுமே கொண்டது. ஹவானா, மத்தான்சாஸ் துறைமுகப் பகுதிகளின் கறுப்பினத் தொழிலாளர்கள் மரப்பெட்டிகளைத் தட்டி வளர்த்த கலை. 2016-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. லோஸ் முன்யெகீத்தோஸ் தெ மத்தான்சாஸ் குழுவைக் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, ஒரே ஒரு கலைஞரைத்தான் சொல்லவேண்டும் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

பதில்: அர்செனியோ ரொட்ரிகெஸ். யோசிக்கவே வேண்டியதில்லை.

1911-இல் மத்தான்சாஸ் பகுதியில் பிறந்தார். சிறுவயதில் விலங்கு ஒன்று உதைத்ததில் பார்வை போயிற்று. அவருடைய வாத்தியம் த்ரெஸ்: கிட்டாரைவிடச் சற்றுச் சிறியது, இரண்டிரண்டாக மூன்று சோடிக் கம்பிகள். இருபதுகளின் சோன் குழுக்களில் த்ரெஸ், கிட்டார், பாஸ், போங்கோ என்ற சிறு இரட்டை முரசு, கட்டை, மராக்காஸ் என்ற கிலுகிலுப்பைகள், பிறகு ஒரே ஒரு டிரம்பெட். அர்செனியோ 1940-ஐ ஒட்டி அதில் பியானோவைச் சேர்த்தார், டிரம்பெட்டுகளைக் கூட்டினார், கோங்கா முரசை உள்ளே கொண்டுவந்தார். ஏழைக் கறுப்பர்களின் தெருமுரசு என்று பலர் முகம்சுளித்த வாத்தியம் அது. அதை நடனக் குழுவின் நடுவில் வைப்பது துணிச்சல். வேகத்தைக் கூட்டாமல் எடையைக் கூட்டினார். பாட்டின் பிற்பகுதியில் கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, பாடகர் அதற்கு எதிர்வரி கட்டும் மொந்துனோ பகுதியை நீட்டி, அதன் உச்சத்தில் எல்லா வாத்தியங்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடத்தை அமைத்தார்.

அவருக்குச் சொல்லவும் விஷயம் இருந்தது. முப்பதுகளில் வந்த 'ப்ரூக்கா மனிகுவா' பாட்டில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர் ஒருவரின் குரலில், விடுதலை இல்லாமல் வாழ முடியாது என்று எழுதினார். 1947-இல் பார்வையை மீட்க நியூயார்க் சென்றார். வழியில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தத் துயரத்தில் பிறந்ததுதான் வாழ்க்கை ஒரு கனவு என்று பாடும் அவருடைய பொலேரோ. அதைக் கேட்டுவிட்டு உடனே வேறு பாட்டுக்குப் போக என்னால் இன்றும் முடிவதில்லை. 1970-இல் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார்.

கேள்வி: அப்படியானால் சல்சா எங்கிருந்து வந்தது?

பதில்: நியூயார்க்கில் வளர்ந்தது, புவேர்த்தோ ரிக்கோக்காரர்களின் பங்கு மிகப் பெரியது. ஆனால் அந்தக் குழுக்களின் வாத்திய அமைப்பைப் பாருங்கள், முந்தைய பதிலில் சொன்ன மனிதர் தெரிவார்.

கேள்வி: கொம்பாய் செகுண்டோவின் கிட்டார் ஏன் வேறு மாதிரி ஒலிக்கிறது?

பதில்: அவர் வாசித்தது அவரே வடிவமைத்த அர்மோனிக்கோ. கிட்டாருக்கும் த்ரெஸுக்கும் இடைப்பட்டது, ஏழு கம்பிகள். நடுவே ஒரு கம்பியைச் சோடியாக்கியதால் அந்த மணியொலி வருகிறது. அவருடைய குரலையும் கவனியுங்கள். லோரென்சோ இயெர்ரெசுவெலோவோடு சேர்ந்து லோஸ் கொம்பாத்ரெஸ் என்று பாடிய நாள்களிலிருந்தே அவர் இரண்டாம் குரல். மேலே ஒருவர் மெட்டை ஏந்திச் செல்ல, கீழே ஆழமாக நின்று தாங்குவார். சாந்தியாகோ வட்டாரத்தின் பழைய த்ரோவா பாடல்கள், அதாவது கிட்டாரோடு பாடும் பாணர் மரபுப் பாடல்கள், பெரும்பாலும் இந்த இருகுரல் கலையில் நிற்பவை. முன்குரலை யாரும் கவனிப்பார்கள். பின்குரலில் மயங்கத் தொடங்கிவிட்டால் நீங்களும் எங்கள் ஆள்.

கேள்வி: பெண்கள் யாருமே இல்லையா?

பதில்: மரியா தெரேசா வேராவைக் கேளுங்கள்! 1895-இல் பிறந்தவர். கிட்டாரைத் தானே வாசித்துப் பாடியவர். 1926-இல் செக்ஸ்தெத்தோ ஒக்சிதெந்தெ என்ற சோன் குழுவை அமைத்தார்; அதில் பாஸ் வாசித்தவர், பின்னாளில் செப்தெத்தோ நாசியோனால் குழுவால் புகழ்பெற்ற இக்னாசியோ பின்யெய்ரோ. ஆண்களே ஆண்ட துறையில் தலைமை ஏற்ற பெண். 'வெய்ந்தே ஆன்யோஸ்' என்ற பாட்டுக்கு மெட்டமைத்தவரும் அவரே. அதையே ஒமாரா, புயனா விஸ்தா தொகுப்பில் கொம்பாயின் துணைக்குரலோடு பாடினார். 1932-இல் ஹவானாவில் காஸ்த்ரோ குடும்பத்துச் சகோதரிகள் தொடங்கிய அனகாவோனா முழுக்கப் பெண்களே வாசித்த குழு.

கேள்வி: ஸ்பானிய மொழி தெரியாது. எங்கே தொடங்கலாம்?

பதில்: எனக்கும் தொடக்கத்தில் ஒரு சொல் தெரியாது. முதலில் த்ரியோ மத்தாமோரோஸ்: மூன்று பேர், இரண்டு கிட்டார், மராக்காஸ். எல்லாமே தெளிவாகக் காதில் விழும். பிறகு செப்தெத்தோ நாசியோனால். அதன்பின் நாற்பதுகளின் அர்செனியோ. அவரிடம் கொஞ்ச காலம் தங்குங்கள். பிறகு பென்னி மோரே. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாமலே 1953-இல் பெரும் வாத்தியக் குழு அமைத்து, ஒவ்வொரு பகுதியையும் வாயால் பாடிக்காட்டி வாசிக்கவைத்தவர். பழைய பதிவுகளில் இரைச்சல் இருக்கும். அதற்காக விலகிவிடாதீர்கள், இரண்டு மூன்று பாட்டுக்குள் காது பழகிவிடும்.