பாரம் இழுத்தால் மட்டும் சூடாகும் டிராக்டர்

"எங்கள் 50 எச்.பி. டிராக்டர் உழவில் எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடாவதில்லை. கரும்பு ஏற்றிய ட்ரெய்லரோடு மேம்பாலம் ஏறினால் மட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள். உழவில் சூடாகவில்லை என்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. உழும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 1,800, 2,000 சுற்றில் ஓடும். ரோட்டில் பலரும் டாப் கியரிலேயே ஏற்றத்துக்குள் போகிறார்கள். வண்டி திணறி 1,200 சுற்றுக்கு இறங்கிவிடும். ஃபேனும் வாட்டர் பம்பும் இன்ஜின் சுற்றை நம்பித்தான் ஓடுகின்றன. சுற்று இறங்கினால் காற்றும் குறையும், தண்ணீர் ஓட்டமும் குறையும். உள்ளே டீசலோ முழு பாரத்துக்கு எரிந்துகொண்டிருக்கும். டிராக்டர் போகிற வேகத்துக்கு எதிர்க்காற்றும் பெரிதாகக் கிடைக்காது. அதனால் பாலத்தின் அடியிலேயே ஒன்றிரண்டு கியர் குறைத்துவிடுங்கள். பாதி ஏறிய பிறகு கிளட்ச் மிதித்துக் கியர் தேடக் கூடாது. பாரத்தோடு வண்டி பின்னால் உருண்டால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், கரும்பின் காய்ந்த இலையான சோகை. வயலில் நின்று லோடு ஏற்றும்போது பறக்கிற தூள் ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். முன்பக்கமிருந்து காற்று அடித்தால் இன்னும் இறுகும்; இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி அடியுங்கள். வெட்டு சீசனில் தினமும் செய்ய வேண்டிய வேலை இது. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதன் உப்பு உள்ளே படிந்துவிடும், கூலன்ட்தான் சரி. இன்ஜின் சூடேறிய பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடுகிற வால்வான தெர்மோஸ்டாட்டைச் சிலர் கழற்றிவிடுவார்கள். இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடித் தேய்மானம் கூடும், வேண்டாம்.

வழியில் முள் ஏறிவிட்டால் ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் சில நிமிடம் ஓடவிடுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ உடனே அணைத்துவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு சூடானால், ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கிற ஹெட் கேஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.