தேக்கு ஊஞ்சலும் சாம்பல் நிறச் சோபாவும்

வணக்கம். காரைக்குடி வீட்டிலிருந்து வந்த தேக்கு ஊஞ்சலும் தஞ்சாவூர் ஓவியமும், சாம்பல் நிறச் சோபாவும் வெள்ளை டைல்ஸும் உள்ள உங்கள் அடுக்கக வரவேற்பறையில் ஒட்டாமல் நிற்பதாக எழுதியிருந்தீர்கள்.

சோபாவை மாற்ற வேண்டாம். பழையதும் புதியதும் கலந்திருப்பது இங்கே குறையன்று. தேக்கின் செம்பழுப்பு அந்த ஒரு மூலையோடு நின்றுவிடுவதுதான் குறை. அதே சாயலில் ஒரு முக்காலியையோ கண்ணாடிச் சட்டத்தையோ எதிர்ப்பக்கம் வைத்து, அரக்கும் கடுகு மஞ்சளும் கட்டம் போட்ட பழைய கண்டாங்கிச் சேலையில் இரண்டு திண்டு உறைகள் தைத்துச் சோபாவில் போட்டால், அறையின் இரு பாதிகளும் தாமாகவே உறவு கொண்டாடத் தொடங்கும். அதற்கு மேல் வண்ணம் சேர்க்காதீர்கள். தரையைப் பெயர்த்து ஆத்தங்குடிக் கல் பதிக்கும் யோசனையையும், என்னைக் கேட்டால், கைவிடலாம். அத்தனை பூவேலையும் தரையில் வந்துவிட்டால் ஓவியத்தை யார் பார்ப்பார்கள்?

ஓவியத்தின் தங்கத் தகடு 6500 கெல்வின் வெள்ளொளியில் வெளிறித் தெரியும் என்பதால், 3000 கெல்வின் இளமஞ்சள் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து விழச் செய்யுங்கள். குளியலறையை ஒட்டிய ஈரச் சுவரும் நேர் வெயிலும் ஓவியத்துக்கு ஆகாது.

ஊஞ்சல் கொக்கியை ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டவே கூடாது. கட்டடப் பொறியாளரிடம் காட்டி, மேலேயுள்ள கான்கிரீட் உத்தரத்தில் பொருத்துங்கள். ஆடும் திசையில் முன்னும் பின்னும் மூன்றடியாவது காலியாக இருக்கட்டும். உத்தரம் வாகான இடத்தில் இல்லையென்றால், இரும்புச் சட்டத்தில் தொங்கவிடுவதே உத்தமம்.