முட்டி ஸ்கேன்: 192 எப்படி 9 ஆனது?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கல்லூரி வாலிபால் அணியில் ஸ்பைக் அடிப்பவன். எட்டு மாதமாக வலது முட்டிச் சில்லுக்குக் கீழே வலி. எலாஸ்டோகிராஃபி ஸ்கேனில் தசைநாண் விறைப்பு வலது 192, இடது 119 என்று வந்தது. ஒரு மாதம் கழித்து வேறு இடத்தில் எடுத்தபோது வலது 9.4, இடது 8.9. இவ்வளவு இறங்கிவிட்டதே என்று சந்தோஷப்பட்டோம், ஆனால் வலி குறையவில்லை. முதல் இடத்தில் காலை நீட்டிப் படுக்க வைத்தார்கள், அடுத்த இடத்தில் முட்டிக்கு அடியில் பெரிய தலையணை வைத்தார்கள். எதை நம்புவது? தசைநாண் விறைத்து அறுந்துவிடுமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, எதுவும் இறங்கவில்லை. அதற்காகப் பயப்படவும் வேண்டாம். 192 என்பது கிலோபாஸ்கல், அதாவது விறைப்பை அளக்கும் அலகுக் கணக்கு. 9.4 என்பது நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகக் கணக்கு.

துணி காயப்போடும் கொடிக்கயிற்றை ஒரு முனையில் சுண்டிப் பாருங்கள். கயிறு தொய்வாக இருந்தால் அதிர்வு மெல்லப் போகும், இழுத்துக் கட்டியிருந்தால் சட்டென்று மறுமுனைக்குப் போய்விடும். ஸ்கேன் இயந்திரம் செய்வதும் இதுதான். தசைநாணுக்குள் ஒரு சின்ன அதிர்வை உண்டாக்கி, அது ஓடும் வேகத்தை அளக்கிறது. அந்த வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, பிறகு மூன்றால் பெருக்கினால் கிலோபாஸ்கல் வரும். எட்டெட்டு அறுபத்து நாலு, மும்மடங்கு 192. அதாவது முதல் ஸ்கேனில் வலது காலின் வேகம் 8, இடது காலின் வேகம் சுமார் 6.3. பெருக்கிப் போட்டதால்தான் வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. நான் ரிப்போர்ட்டில் வேகத்தை மட்டுமே எழுதுவேன். அந்தப் பெருக்கல், கல்லீரல் மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே சீரான சதைக்குப் பொருந்தும். நார் நாராக ஒரே திசையில் ஓடும் தசைநாணுக்குச் சரியாகப் பொருந்தாது.

அப்படியானால் 8 எப்படி 9.4 ஆனது? தலையணைதான். முட்டியை மடக்கினால் தசைநாண் இழுபடும், எண் ஏறும். இடது காலிலும் 6.3 என்பது 8.9 ஆகியிருக்கிறது, கவனித்தீர்களா? வலியே இல்லாத காலில் ஒரே மாதத்தில் நோய் வந்துவிடாது. என் அறையில் டவலைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, கோணமானியால் 30 டிகிரி பார்த்த பிறகுதான் ப்ரோபையே, அதாவது தோல்மேல் வைக்கும் ஸ்கேன் கருவியையே, எடுப்பேன். ஜெல்லைத் தடிமனாகப் போட்டு, ப்ரோப் அதன் மேல் மிதக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். கை சற்று அழுந்தினாலும், ப்ரோப் நாரின் திசையிலிருந்து கொஞ்சம் திரும்பினாலும் எண் மாறிவிடும். கோணம் எழுதாத ரிப்போர்ட் எனக்குப் பாதி ரிப்போர்ட்தான்.

இன்னொன்று. கல்லீரலில் விறைப்பு கூடினால் கெட்ட செய்தி, ஃபைப்ரோஸ்கேன் எடுத்தவர்களுக்குத் தெரியும். தசைநாண் அப்படியல்ல. விறைப்பாக இருப்பதுதான் அதன் வேலை. இந்த வலி உள்ளவர்களில் சில ஆய்வுகள் விறைப்பு கூடியிருப்பதாகச் சொல்கின்றன, சில குறைந்திருப்பதாகச் சொல்கின்றன. அதனால் இந்த எண்ணை வைத்து அறுந்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. குதிக்கும்போது முட்டியில் 'டப்' என்று ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்து, காலை நீட்டித் தூக்க முடியாமல் போனால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விளையாட்டை அடியோடு நிறுத்த வேண்டாம், குதிப்பதைக் குறைத்தால் போதும். சாய்வுப் பலகையில் மெதுவாக உட்கார்ந்து எழுவது, எடை வைத்துக் காலை நீட்டிப் பிடிப்பது போன்ற பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம் செய்யட்டும். மறுநாள் காலையில் படி இறங்கும்போது வலி கூடியிருந்தால் அன்றைக்கு எடையைக் குறைக்க வேண்டும். தம்பியை அதை ஒரு நோட்டில் தினமும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு இன்னொரு ஸ்கேன் தேவையில்லை. பிறகு எடுப்பதாக இருந்தால் முன்பு போன இரண்டு இடங்களில் ஒன்றுக்கே போங்கள். பழைய ரிப்போர்ட்டைக் காட்டி, காலை அன்றைக்கு வைத்த மாதிரியே வைக்கச் சொல்லுங்கள்.