பழைய பெஞ்ச் வைஸ் தேறுமா என்று எப்படிப் பார்ப்பது?

அறுபது, எழுபது வருடப் பழைய பெஞ்ச் வைஸ் (மேசையில் பொருத்தி, இரண்டு தாடைகளுக்கு நடுவே வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, துரு ஏறிக் கிடக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். துருவைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். மேல்துரு மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போட்டால் போய்விடும். எனக்குப் பயமெல்லாம் புதுப் பெயிண்டோடு வரும் பழைய வைஸைக் கண்டால்தான்.

நான் முதலில் வாங்கியது அப்படித்தான், நீலப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. ஒரு மாதம் கழித்து இரும்புப் பட்டை ஒன்றை வளைக்க இறுக்கினேன். நகரும் தாடையின் கழுத்தில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்தது. சுரண்டினால் உள்ளே மஞ்சள் கோடு. உடைந்த வார்ப்பிரும்பைப் பித்தளை வைத்துப் பற்றவைத்து, மேலே பெயிண்ட் பூசியிருந்தார்கள். நன்றாகப் போட்ட பித்தளை ஒட்டு லேசான வேலைக்குத் தாங்கும். ஆனால் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

அதனால் முதலில் விரிசலைத் தேடுங்கள். தாடைகளின் கழுத்து, மேசையில் பொருத்தும் போல்ட் போகும் காதுகள், சம்மட்டி அடி வாங்கும் தட்டையான பின்பகுதி, இந்த மூன்றும் முக்கியம். சந்தேகமான இடத்தைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவுங்கள். சில நிமிடம் விட்டு, ஈரம் போகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தேய்த்துவிட்டுக் காத்திருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் ஈரக்கோடு விழும்.

அப்புறம், கைப்பிடி சுற்றும் திருகின் மரை. கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். தாடை நகர்வதற்கு முன் கால் சுற்று சும்மா போனால் பழைய வைஸுக்கு அது சகஜம். அரைச் சுற்றைத் தாண்டினால் நகரும் தாடையை முழுதாக வெளியே எடுத்து, திருகையும் உள்ளே இருக்கும் நட்டையும் பாருங்கள். மரையின் முகடு தட்டையாக இருக்க வேண்டும். கத்தி விளிம்பு மாதிரி மெலிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள்தான். திருகு நன்றாக இருந்து நட்டு மட்டும் தேய்ந்திருந்தால், லேத்தில் கொடுத்துப் புது நட்டு கடைந்து போடலாம்.

தாடைத் தகடுகள் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, பெரும்பாலும் திருகாணியைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். கைப்பிடி வளைந்திருந்தால் மட்டும் கவனம். யாரோ குழாயை மாட்டி மிதமிஞ்சி இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கழுத்தையும் நட்டையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

வில்டன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய வைஸாக இருந்தால், நகரும் தண்டின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். பலவற்றில் மாதமும் வருடமும் எண்ணாகக் குத்தியிருக்கும். அது பெரும்பாலும் 5 வருட உத்தரவாதம் முடியும் தேதி, அதில் 5 கழித்தால் செய்த வருடம். துரு எடுக்கும்போது அந்த இடத்தில் மட்டும் கிரைண்டரை வைத்துவிடாதீர்கள்.