ஆழம் போகப் போக எடை குறையுமா, கூடுமா?

கேள்வி: பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். பூமிக்குள் இறங்க இறங்க ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) சீராகக் குறைந்து மையத்தில் சுழியாகும் என்கிறது பாடம். ஆனால் ஆழ்சுரங்கத்தில் எடை கூடும் என்றும் படித்தேன். எது சரி? 60 கிலோ எடையுள்ள ஒருவர் 4 கி.மீ. ஆழத்தில் நின்றால் எடை இயந்திரம் என்ன காட்டும்?

பதில்: கூடுதலாகத்தான் காட்டும், ஏறத்தாழ 20 கிராம். பாடநூல் வாய்பாட்டில் போட்டால் 38 கிராம் குறைவதாக வரும். அந்த வாய்பாட்டின் கணிதத்தில் பிழை கிடையாது. பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்று அது வைத்துக்கொள்வதுதான் சிக்கல். புவியின் சராசரி அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 5.51 கிராம், நாம் தோண்டும் பாறையோ 2.7 கிராம்தான். பூமியின் நடுவே 3,480 கி.மீ. ஆரமுள்ள இரும்புக் கருவம், கன அளவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாமல் நிறையில் மூன்றில் ஒரு பங்கை வைத்திருக்கிறது.

ஒரு மீட்டர் இறங்கும்போது இரண்டு விளைவுகள் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. மையத்தை நெருங்குவதால் ஜி 0.3086 மில்லிகால் கூடுகிறது (ஒரு மில்லிகால் என்பது 0.00001 மீ/வி²). அதே நேரம் தலைக்கு மேலே போய்விட்ட பாறை ஓடு நம்மை எந்தப் பக்கமும் இழுப்பதில்லை. அதனால், பாறையின் அடர்த்தியை 0.0838-ஆல் பெருக்கினால் எத்தனை மில்லிகால் வருமோ அத்தனை ஜி குறைகிறது. 2.7 அடர்த்திக்கு இந்தக் குறைவு 0.2263. மிச்சம் மீட்டருக்கு 0.0823 மில்லிகால் ஏற்றம். தென்னாப்பிரிக்காவின் எம்பொனெங் தங்கச் சுரங்கம் ஏறத்தாழ 4 கி.மீ. ஆழம். அந்த ஆழத்துக்கு 329 மில்லிகால், அதாவது ஜி-யில் 0.034 சதவீதம். உங்கள் 20 கிராம் இதிலிருந்து வருவதுதான்.

இரண்டு விளைவுகளும் சமமாகும் அடர்த்தி 3.68. இது 5.51-இல் மூன்றில் இரண்டு பங்கு. மாணவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய விதி இதுவே: நிற்கும் இடத்துப் பாறையின் அடர்த்தி, அதற்குக் கீழே உள்ள உருண்டையின் சராசரி அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் குறைவென்றால் இறங்க இறங்க ஜி கூடும்; அதிகமென்றால் குறையும்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு முழுப் பயணத்தையும் பார்க்கலாம். மேலோட்டிலும், அதற்கும் கருவத்துக்கும் இடையிலுள்ள பாறை அடுக்கான கவசத்தின் மேல்பகுதியிலும் ஜி மெல்ல ஏறி, 670 கி.மீ. ஆழத்தில் 10.0 மீ/வி² ஆகிறது. அங்கே பாறை 4.4 அடர்த்திக்கு இறுகிவிடுவதால் சிறிது தூரம் லேசாக இறங்கி, மறுபடி ஏறுகிறது. உச்சம் 2,891 கி.மீ. ஆழத்தில், கவசம் முடிந்து கருவம் தொடங்கும் எல்லையில்: 10.7. உருகிய இரும்பின் அடர்த்தி ஒரேயடியாக 9.9-க்குத் தாவுவதால் அதற்குக் கீழே சரிவுதான். கருவத்தின் உள்ளே இருக்கும் திடமான உட்கருவத்தின் விளிம்பில் ஜி 4.4, மையத்தில் சுழி. பாடநூல் சொல்லும் நேர்கோட்டை ஒத்த சரிவு கருவத்துக்குள்தான் கிடைக்கிறது. அதாவது, பாதையின் முதல் 2,900 கி.மீ.க்கு ஜி பெரும்பாலும் மாறாதது என்று எடுத்துக்கொள்வதே வாய்பாட்டைவிட உண்மைக்கு நெருக்கம்.

நிலவை இரண்டாவது கணக்காகக் கொடுங்கள்; மிக நல்ல ஒப்பீடு. அதன் சராசரி அடர்த்தி 3.34, மேலோடு சுமார் 2.55. மூன்றில் இரண்டு பங்கு 2.23 என்பதால் அங்கே மேலோட்டிலேயே ஜி குறையத் தொடங்கிவிடும்.

செய்து பார்க்க விரும்பினால்: இருதட்டுத் தராசு உதவாது, எடைக்கல்லும் அதே அளவு கனத்துவிடும். வீட்டு எடை இயந்திரம் 50 அல்லது 100 கிராம் படிகளில் காட்டுவதால் 20 கிராம் தெரியாது; ஆழ்சுரங்கத்தின் வெப்பம் அதன் உணரியை அதைவிட அதிகமாகத் தடுமாற வைக்கும். ஊசல்தான் பழைய வழி. 1854-இல் ஜார்ஜ் ஏரி (Airy) என்ற வானியலாளர் இங்கிலாந்தின் ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் சுமார் 380 மீட்டர் ஆழத்தில் ஊசலை ஆட்டினார்; கீழே அது நாளொன்றுக்கு இரண்டேகால் விநாடி வேகமாக ஓடியது. அதிலிருந்து புவியின் சராசரி அடர்த்தியை 6.57 என்று கணக்கிட்டார். இன்றைய மதிப்பைவிட அது அதிகம்தான், ஆனால் ஜி கூடுகிறது என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

இன்று ஆழ்துளைக் கிணற்றுக்குள் ஈர்ப்புமானியை (ஜி-யை அளக்கும் கருவி) இறக்கி இதே கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள். இரண்டு ஆழங்களுக்கு இடையே மீட்டருக்கு எத்தனை மில்லிகால் கூடியது என்று பார்த்து, அதை 11.93-ஆல் (1-ஐ 0.0838-ஆல் வகுத்தால் வருவது) பெருக்கி 3.68-இலிருந்து கழித்தால் நடுவிலுள்ள பாறையின் அடர்த்தி கிடைக்கும். 100 மீட்டருக்கு 8.4 மில்லிகால் கூடினால் 2.68. இதில் கெடுக்கக்கூடியவை மூன்று: கேபிள் நீளம் தவறாக அளக்கப்படுவது, துளை சாய்ந்திருப்பது, நிலவும் சூரியனும் இழுப்பதால் நேரத்துக்கு நேரம் ஜி மாறுவது. கடைசியானது 0.2 மில்லிகால்வரை போகும் என்பதால் அளந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு திருத்த வேண்டும்.

தேர்வில் மாணவர்கள் பாடநூல் வாய்பாட்டையே எழுதட்டும், “புவியின் அடர்த்தி சீரானது எனக் கொண்டால்” என்ற வரியை முதலில் சேர்த்து.